ஆக்சிசன் குறைவை உணரும் உயிரணு: கோபால்ட்டு அயனி வழி ஒரு வரலாற்று ஆய்வு (1929–2009)

ஆய்வுச் சுருக்கம்

ஆக்சிசன் குறையும்போது உயிரணு அதனை எவ்வாறு அறிகிறது என்னும் வினாவுக்கு அடிப்படை விடை 2001ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்விடைக்கு வழிகாட்டிய சான்றுகளுள் முதன்மையான சில, ஆக்சிசனைக் குறைக்காமல் உலோக அயனிகளைக் கொடுத்தும் இரும்பை அகற்றியும் நிகழ்த்திய சோதனைகளிலிருந்து கிடைத்தவை. கோபால்ட்டு உண்ட எலிகளின் குருதியில் சிவப்பணுக்கள் மிகுவதை 1929இல் வால்ட்னர் இணையர் வெளியிட்டனர். அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் அந்த ஒரே நிகழ்வுக்கு வெவ்வேறு விளக்கங்கள் தரப்பட்டன. அவ்விளக்கங்களின் மாற்றத்தையும், கோபால்ட்டு மருந்தாகவும் நஞ்சாகவும் மனிதரிடம் சென்ற வரலாற்றையும் இக்கட்டுரை தொகுத்து ஆராய்கிறது. ‘கோபால்ட்டு இரும்பின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது’ என்று பாடநூல்கள் கூறும் எளிய விளக்கம் கிடைத்துள்ள சான்றுகளை முழுமையாகத் தழுவவில்லை என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: கோபால்ட்டு, இரும்பு அயனி, ஆக்சிசன் குறைவு, எரித்ரோபொயட்டின், எச்.ஐ.எஃப்-1, புரோலின் ஹைட்ராக்சிலேசு, அஸ்கார்பிக் அமிலம்.

முன்னுரை

அறிவியல் வரலாற்றில் சில பொருள்கள் விடையாக வருவதில்லை. வினாவைத் திறக்கும் கருவியாகவே வருகின்றன. உயிரணு ஆக்சிசனை உணரும் முறை பற்றிய ஆய்வில் கோபால்ட்டின் இடம் அத்தகையது. காற்றில் ஆக்சிசன் போதிய அளவு இருக்கும்போதே, கோபால்ட்டு அயனி சேர்க்கப்பட்ட உயிரணு, ஆக்சிசன் இல்லாததைப் போல் நடந்துகொள்கிறது. இல்லாத குறையை இருப்பதாகக் காட்டும் இந்த இயல்பே, அக்குறையை அளக்கும் அமைப்பு உயிரணுவுக்குள் எங்குள்ளது என்று தேடுவதற்கு வாய்ப்பளித்தது.

இவ்வரலாறு பெரும்பாலும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசிலிருந்து பின்னோக்கி எழுதப்படுகிறது. வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவரின் கண்டுபிடிப்புகள் அதன் உச்சமாக அமைகின்றன. அதற்கு முந்தைய உலோகச் சோதனைகள் ஓரிரு வரிகளில் சுருங்கிவிடுகின்றன. அச்சோதனைகளை அவை நிகழ்ந்த காலத்தின் கருத்துநிலைகளோடு வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நிகழ்வு பிழையின்றிக் காணப்பட்ட பின்னும், அதன் விளக்கம் எத்தனை முறை மாறக்கூடும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

1. மலை உயரமும் குருதியும்

உயரமான மலைகளில் காற்றழுத்தம் குறைவதால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிசனும் குறைகிறது என்பதைப் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பால் பெர்ட் 1878இல் வெளியிட்ட தம் பெருநூலில் நிறுவினார். உயரத்தில் வாழும் உயிர்களின் குருதி அக்குறையை ஈடுசெய்யும் வகையில் மாறியிருக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். 1890இல் பிரான்சுவா வியோ, பெரு நாட்டில் 4,000 மீட்டருக்கும் மேல் அமைந்த மொரோகோச்சா என்னும் சுரங்க ஊருக்குச் சென்று, தம் குருதியையும் உடன் சென்றவர்களின் குருதியையும் ஆராய்ந்தார். ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள், மூன்று வாரங்களுக்குள் 70 முதல் 80 லட்சமாக உயர்ந்தன. தலைமுறை தலைமுறையாக நிகழும் தகவமைப்பன்று இது. ஒரே உடலில் சில வாரங்களில் நிகழும் மறுவினை என்பது இதனால் புலப்பட்டது.

அம்மறுவினையைத் தூண்டுவது எது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் முன்வைக்கப்பட்டன. எலும்பு மஜ்ஜையே ஆக்சிசன் குறைவை நேரடியாக உணர்கிறது என்பது ஒன்று. குருதியில் செல்லும் ஒரு தூதுப்பொருள் மஜ்ஜையைத் தூண்டுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்தை 1906இல் பால் கார்னோவும் குளோட்டில்டு தெஃப்லாந்தரும் முன்வைத்தனர். குருதி வடிக்கப்பட்ட முயலின் ஊனீரை வேறொரு முயலுக்குச் செலுத்தியபோது அதன் சிவப்பணுக்கள் மிகுந்தன என்று கூறிய அவர்கள், அப்பொருளுக்கு ‘ஹெமொபொயட்டின்’ எனப் பெயரிட்டனர். பிறரால் அச்சோதனையை உறுதியாகத் திரும்பச் செய்ய இயலாமையால் அக்கருத்து நெடுங்காலம் ஐயத்துக்கு உரியதாகவே இருந்தது. கோபால்ட்டு இவ்வாய்வுக்குள் நுழைந்தபோது தூதுப்பொருள் என ஒன்று உண்டா என்பதே முடிவாகவில்லை.

2. 1929: கோபால்ட்டின் நுழைவு

1920களில் குருதி ஆக்கம் பற்றிய ஆய்வு உணவூட்ட ஆய்வோடு பிணைந்திருந்தது. 1926இல் மைனாட்டும் மர்ஃபியும் கல்லீரல் உணவால் கொடிய இரத்தசோகை தணிவதைக் காட்டினர். 1928இல் விஸ்கான்சினைச் சேர்ந்த ஹார்ட், ஸ்டீன்பாக், வாடெல், எல்வெஜெம் ஆகியோர், பால் மட்டுமே உண்டு இரத்தசோகையுற்ற எலிகளுக்கு இரும்பு மட்டும் போதாது, செம்பும் வேண்டும் எனக் காட்டினர். உணவில் நுண்ணளவில் உள்ள உலோகங்கள் ஒவ்வொன்றையும் எலிகளுக்குக் கொடுத்து, குருதியில் ஏற்படும் மாற்றத்தைக் காணும் ஆய்வுமுறை இதனையொட்டிப் பரவியது.

இச்சூழலில்தான் 1929இல் வால்ட்னர் இணையரின் ‘கோபால்ட்டும் குருதியும்’ என்னும் ஜெர்மன் கட்டுரை வெளிவந்தது. கோபால்ட்டு சேர்த்த உணவை உண்ட எலிகளில் சிவப்பணுக்களும் ஹீமோகுளோபினும் இயல்பான அளவைக் கடந்தன. இங்கு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. இரும்பும் செம்பும் குறைந்த குருதியை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தன. கோபால்ட்டோ நலமான விலங்கின் குருதியை இயல்புக்கு மேல் உயர்த்தியது. எனவே இதனை ஊட்டக்குறையை நிரப்பும் செயலாகக் கொள்ள இயலவில்லை. 1930களில் ஓர்ட்டன் முதலியோர் இம்முடிவை உறுதிப்படுத்தினர்.

கோபால்ட்டு உயிர் பி12 ஊட்டச்சத்தின் நடுவணு என்பது 1948இல் அச்சத்து பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே தெரியவந்தது. அதனால், கோபால்ட்டு அச்சத்தின் வழியாகவே குருதியைப் பெருக்குகிறது என்று கருதத் தோன்றும். ஆயினும் இரண்டும் வேறு. பி12க்குத் தேவையான கோபால்ட்டு மிக நுண்ணளவினது. நலமான விலங்கில் சிவப்பணுக்களை மிகுவிக்கும் அளவு அதனினும் பன்மடங்கு பெரியது. மேலும் பி12 எவ்வளவு மிகுந்தாலும் நலமான உடலில் சிவப்பணுக்கள் இயல்பைக் கடந்து பெருகுவதில்லை.

இந்நிகழ்வுக்கு முதலில் தரப்பட்ட விளக்கம் உயிரணுச் சுவாசம் சார்ந்தது. 1936இல் பாரன் இணையர், கோபால்ட்டு இளஞ்சிவப்பணுக்களின் சுவாசத்தைத் தடுக்கிறது என்றும், அத்தடை உடலில் ஆக்சிசன் பற்றாக்குறைக்கு ஒப்பான நிலையை உண்டாக்குகிறது என்றும் கருதினர். அஸ்கார்பிக் அமிலத்தை உடன் கொடுத்தால் கோபால்ட்டினால் சிவப்பணுக்கள் மிகுவது தடுக்கப்படுவதையும் அவர்கள் பதிவுசெய்தனர். ‘ஆக்சிசன் இருக்கிறது, ஆனால் திசு அதனைப் பயன்படுத்த இயலவில்லை’ என்னும் இவ்விளக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்தது. அஸ்கார்பிக் அமிலம் பற்றிய குறிப்போ தொடர்ச்சியின்றி நின்றது. அது மீண்டும் பொருள் பெற்ற இடத்தை எட்டாம் பகுதியில் காணலாம்.

3. தூதுப்பொருளும் சிறுநீரகமும்

1948இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த பான்ஸ்டார்ஃபும் யாலவிஸ்டோவும் தூதுப்பொருளுக்கு ‘எரித்ரோபொயட்டின்’ என்னும் பெயரை வழங்கினர். 1950இல் குர்ட் ரைஸ்மன், இரு எலிகளின் உடல்களைக் குருதியோட்டம் கலக்குமாறு இணைத்து, ஒன்றனை மட்டும் ஆக்சிசன் குறைந்த காற்றில் வைத்தார். இயல்பான காற்றைச் சுவாசித்த எலியின் மஜ்ஜையும் தூண்டப்பட்டது. 1953இல் ஆலன் எர்ஸ்லெவ், இரத்தசோகையுற்ற முயல்களின் ஊனீரைப் பேரளவில் செலுத்தித் தூதுப்பொருளின் இருப்பை ஐயமற நிறுவினார்.

இதன்பின் கோபால்ட்டு பற்றிய வினாவின் வடிவமே மாறியது. மஜ்ஜையில் அது என்ன செய்கிறது என்று கேட்பதை விடுத்து, தூதுப்பொருளை அது மிகுவிக்கிறதா என்று கேட்கத் தொடங்கினர். 1957இல் சிகாகோவில் கோல்ட்வாசர், ஜேக்கப்சன், ஃபிரைடு, பிளிசாக் ஆகியோர், கோபால்ட்டு பெற்ற எலிகளின் ஊனீரில் எரித்ரோபொயட்டின் மிகுவதைக் காட்டினர். அதே ஆண்டில் அக்குழுவினர், சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட எலிகளில் குருதி வடித்தாலும் கோபால்ட்டைக் கொடுத்தாலும் எரித்ரோபொயட்டின் உயரவில்லை என்றும் கண்டறிந்தனர். கழிவுகள் உடலில் தேங்குவதே காரணமா என்பதை அறியச் சிறுநீர்க்குழாய் மட்டும் கட்டப்பட்ட எலிகளை அவர்கள் ஒப்புநோக்கினர். அவற்றில் மறுவினை இருந்தது. ஆகவே எரித்ரோபொயட்டின் தோன்றும் இடம் சிறுநீரகம் என்பது தெளிவாயிற்று.

இச்சோதனையில் கோபால்ட்டின் பங்கு சிறிதன்று. குருதி வடித்தல் உடல் முழுவதையும் பாதிக்கும் செயல்; கோபால்ட்டோ குருதியைக் குறைக்காமல் தூண்டுவது. இவ்விரு தூண்டல்களும் ஒரே உறுப்பின் வழியாகவே செயற்படுகின்றன என்பது, ஆக்சிசன் குறைவும் கோபால்ட்டும் ஏதோ ஓரிடத்தில் ஒரே பாதையில் இணைகின்றன என்னும் எண்ணத்துக்கு இடமளித்தது. அவ்விடத்தை அறிய எரித்ரோபொயட்டின் தூய நிலையில் தேவைப்பட்டது. 1977இல் மியாகே, குங், கோல்ட்வாசர் ஆகியோர் ஜப்பானிய இரத்தசோகை நோயாளரிடமிருந்து திரட்டிய 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1985இல் அதன் மரபணு படியாக்கம் செய்யப்பட்டது.

4. மருந்தாகவும் நஞ்சாகவும் கோபால்ட்டு

ஆய்வகத்தில் பொறியமைவு விளங்குவதற்கு முன்னரே கோபால்ட்டு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டது. 1940களிலும் 1950களிலும் கோபால்ட்டு குளோரைடு தனியாகவும் இரும்போடு சேர்த்தும் இரத்தசோகைக்கு வழங்கப்பட்டது. குழந்தைகளும் கருவுற்ற பெண்டிரும் சிறுநீரக நோயாளரும் அதனைப் பெற்றனர். ஹீமோகுளோபின் உயர்ந்தது உண்மையே. ஆனால் குமட்டல், வாந்தி ஆகியவற்றோடு, சில குழந்தைகளுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கிக் கழலையும் சுரப்புக் குறைவும் ஏற்பட்டன. இவை 1950களின் நடுவில் மருத்துவ இதழ்களில் வெளியாயின.

இவ்வாறு குருதியின் எண்ணிக்கை உயர்ந்ததை நலமடைந்ததற்குச் சான்றாகக் கொண்டதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. உடலுக்குப் போதிய ஆக்சிசன் இருக்கும்போதே இல்லை என்று பொய்யுரைத்துப் பெறப்படும் குருதி அது. அப்பொய் சிறுநீரகத்துக்கு மட்டும் உரைக்கப்படவில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் உரைக்கப்பட்டது. அதனை அறியும் வழி அக்காலத்தில் இல்லை.

மருந்தளவைவிடப் பன்மடங்கு குறைந்த அளவிலும் கோபால்ட்டு உயிரைப் பறிக்கக்கூடும் என்பது 1960களின் நடுவில் தெரியவந்தது. கழுவிய குவளைகளில் தங்கும் செயற்கைச் சலவைப்பொருள் பீரின் நுரையைக் கெடுத்ததால், நுரையை நிலைநிறுத்தச் சில பீர் ஆலைகள் கோபால்ட்டு உப்பைச் சிறிதளவு சேர்த்தன. 1965–66இல் கனடாவின் கியூபெக் நகரில், மிகுதியாகப் பீர் அருந்திய ஏறத்தாழ ஐம்பது பேர் கடும் இதயத்தசை நோய்க்கு உள்ளாயினர். அவர்களுள் ஏறத்தாழ இருபது பேர் இறந்தனர். அமெரிக்காவின் ஒமாகா, பெல்ஜியத்தின் லூவன் ஆகிய நகரங்களிலும் இத்தகைய நோயாளர் காணப்பட்டனர். கோபால்ட்டு சேர்ப்பது நிறுத்தப்பட்டதும் புதிய நோயாளர் தோன்றுவதும் நின்றது.

இவர்களிடம் சிவப்பணு மிகுதியும் தைராய்டு மாற்றங்களும் காணப்பட்டன. மருந்தாகப் பேரளவில் உண்டவர்களிடம் அரிதாக இருந்த இதயக் கேடு, சிற்றளவில் பெற்ற இவர்களிடம் ஏன் இவ்வளவு கொடிதாயிற்று என்னும் வினா எழுந்தது. புரதமும் தயமினும் குறைந்த உணவும் மிகுமதுவும் கோபால்ட்டோடு சேர்ந்து இதயத்தைத் தாக்கின என்பதே பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். இத்தனை நிகழ்ந்த பின்னும், வேறு மருந்தில்லாத நிலையில், 1970களில் சிறுநீரகச் செயலிழப்பால் குருதித் தூய்மிப்புச் செய்துகொண்ட நோயாளருக்குக் கோபால்ட்டு வழங்கப்பட்டது. மரபணுப் பொறியியல் வழிப் பெற்ற எரித்ரோபொயட்டின் 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது அத்தேவை ஒழிந்தது.

5. ஹீம் கருதுகோள் (1988)

விலங்கின் உடலுக்குள் நிகழும் மறுவினையை வளர்தட்டில் காண வாய்த்தது அடுத்த திருப்பம். 1987இல் மார்க் கோல்ட்பர்க், ஃபிராங்க்ளின் பன் ஆகியோரின் குழு, ஹெப்3பி, ஹெப்ஜி2 என்னும் இரு மனிதக் கல்லீரல் புற்று உயிரணு வகைகள் ஆக்சிசன் குறைந்தாலும் கோபால்ட்டு சேர்ந்தாலும் எரித்ரோபொயட்டினை மிகுதியாக ஆக்குகின்றன எனக் காட்டியது. சிறுநீரகமோ குருதியோட்டமோ இல்லாமல் ஒரே வகை உயிரணுவே உணர்வியாகவும் ஆக்குநராகவும் அமைவது இதனால் உறுதியாயிற்று.

1988இல் கோல்ட்பர்க், டன்னிங், பன் ஆகியோர் தம் புகழ்பெற்ற கருதுகோளை வெளியிட்டனர். கோபால்ட்டு மட்டுமன்றி நிக்கலும் மாங்கனீசும் எரித்ரோபொயட்டினைத் தூண்டின. கார்பன் மோனாக்சைடு ஆக்சிசன் குறைவின் விளைவைத் தணித்தது. ஆனால் கோபால்ட்டின் விளைவைத் தணிக்கவில்லை. ஹீம் உருவாவதைத் தடுத்தபோது மறுவினை குன்றியது. இம்மூன்றனையும் இணைத்து, ஆக்சிசன் உணர்வி ஹீமோகுளோபினை ஒத்த ஒரு ஹீம் புரதம் என அவர்கள் முடிவுசெய்தனர். ஹீமின் நடுவிலுள்ள இரும்புக்கு மாற்றாகக் கோபால்ட்டு அமர்ந்தால் ஆக்சிசன் அதனோடு எளிதில் இணையாது. அப்புரதம் ஆக்சிசனற்ற வடிவிலேயே நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு ஹீம் இரும்போடு ஆக்சிசனைப் போலவே இணைவதால் எதிர்விளைவைத் தரும்.

இக்கருதுகோளின் வலிமை, அன்று அறியப்பட்ட எல்லாச் சான்றுகளையும் அது ஒரே சட்டகத்துள் அடக்கியதில் இருந்தது. ஹீமோகுளோபின் வடிவமாற்றம் பற்றிய நெடிய ஆய்வு மரபில் தோய்ந்த குருதியியலாளருக்கு இது மிக இயல்பான விளக்கமாகவும் அமைந்தது. உணர்வி ஓர் இரும்புப் புரதம் என்ற அளவில் கருதுகோள் சரி; அவ்விரும்பு ஹீமில் உள்ளது என்பதே தவறு. அடுத்து வந்த ஆய்வுகள் அத்தவற்றை நீக்கின.

6. இரும்பு நீக்கமும் எச்.ஐ.எஃப்-1 காரணியும்

1992இல் செமென்சாவும் குவாங் வாங்கும், எரித்ரோபொயட்டின் மரபணுவின் அருகிலுள்ள டி.என்.ஏ. துண்டோடு ஆக்சிசன் குறைந்தபோது மட்டும் இணையும் ஒரு புரதத்தைக் கண்டனர். ‘ஆக்சிசன் குறைவால் தூண்டப்படும் காரணி’ என்னும் பொருளில் அது எச்.ஐ.எஃப்-1 எனப்பட்டது. 1993இல் ராட்கிளிஃபின் குழு, எரித்ரோபொயட்டினை ஆக்காத பிற உயிரணுக்களிலும் இதே உணர்வு அமைப்பு உண்டு எனக் காட்டியது. இதனால் இவ்வாய்வு குருதியியலின் எல்லையைக் கடந்தது.

அதே 1993இல் வாங்கும் செமென்சாவும் உலோகச் சோதனையை மறுதலையாகச் செய்தனர். புதிய உலோகத்தைச் சேர்ப்பதற்கு மாறாக, இரும்பைப் பற்றி விலக்கும் டெஸ்ஃபெரியாக்சமின் என்னும் மருந்தை இட்டனர். கோபால்ட்டு தந்த விளைவே கிடைத்தது: எச்.ஐ.எஃப்-1 மிகுந்தது, எரித்ரோபொயட்டின் மரபணு இயங்கியது. ஹீமுக்குள் பிணைந்த இரும்பை இம்மருந்து எளிதில் பறிப்பதில்லை. ஆகவே உணர்வியின் இரும்பு, தளர்வாகப் பற்றப்பட்ட, ஹீம் சாராத இரும்பாக இருக்கக்கூடும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

1995இல் எச்.ஐ.எஃப்-1இன் இரு கூறுகளும் இனங்காணப்பட்டன. பீட்டா கூறு எப்போதும் உள்ளது. ஆல்ஃபா கூறோ ஆக்சிசன் உள்ளபோது சில நிமிடங்களில் சிதைக்கப்படுகிறது. எனவே ‘ஆக்சிசன் குறைந்தால் எது உண்டாகிறது’ என்னும் வினா, ‘ஆக்சிசன் உள்ளபோது எது அழிக்கிறது’ என மாறியது. 1999இல் மேக்ஸ்வெல், ராட்கிளிஃப் முதலியோர், ஆல்ஃபா கூற்றை அழிவுக்கு அனுப்புவது வி.எச்.எல். என்னும் புரதம் எனக் கண்டனர். இப்புரதத்தின் மரபணு பழுதுபட்ட குடும்பங்களில் குருதிக்குழாய் மிகுந்த கட்டிகள் தோன்றுவது முன்னரே அறியப்பட்டிருந்தது. கேலினின் ஆய்வுக்களமும் அதுவே. கோபால்ட்டும் டெஸ்ஃபெரியாக்சமினும் வி.எச்.எல். புரதத்தை எச்.ஐ.எஃப்-1இலிருந்து பிரித்துவிடுகின்றன என்பதும் அக்கட்டுரையில் காட்டப்பட்டது. எழுபது ஆண்டுகளாகத் தேடப்பட்ட சந்திப்பிடம் இப்போது இரு புரதங்களுக்கு இடைப்பட்ட ஒற்றைப் பிணைப்பாகச் சுருங்கியது.

7. புரோலின் ஹைட்ராக்சிலேற்றம் (2001)

2001ஆம் ஆண்டு ஏப்ரலில் கேலின், ராட்கிளிஃப் ஆகியோரின் இரு குழுக்கள் ஒரே வேளையில் விடையை வெளியிட்டன. ஆல்ஃபா கூற்றின் 564ஆம் இடத்திலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஏறினால் மட்டுமே வி.எச்.எல். அதனைப் பற்றுகிறது. 402ஆம் புரோலினும் இவ்வாறே மாற்றமுறுவது பின்னர்த் தெரியவந்தது. அவ்வாண்டிலேயே இம்மாற்றத்தைச் செய்யும் மூன்று நொதிகளும் இனங்காணப்பட்டன.

இந்நொதிகளின் வேதிவினை, வரலாற்றின் பழைய சான்றுகள் அனைத்தையும் புதிய ஒளியில் நிறுத்தியது. நொதியின் நடுவே ஓர் இரும்பு(II) அயனி, இரு ஹிஸ்டிடின்களாலும் ஓர் அஸ்பார்ட்டேட்டாலும் பற்றப்பட்டுள்ளது; ஹீம் இல்லை. ஆக்சிசன் மூலக்கூற்றின் ஓரணு புரோலினில் ஏறுகிறது. மற்றது 2-ஆக்சோகுளுட்டரேட்டில் சேர்ந்து சக்சினேட்டாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் முடிகிறது. இரும்பைக் குறைநிலையில் வைத்திருக்க அஸ்கார்பிக் அமிலம் துணைசெய்கிறது. ஆக்சிசன் இங்கு வினைபடுபொருளாகவே இருப்பதால், அது குறைந்தால் வினை குறைகிறது, எச்.ஐ.எஃப்-1 அழியாது நிலைக்கிறது.

இத்தகைய வினை முற்றிலும் புதியதன்று. கொலாஜன் புரதத்தின் புரோலினை மாற்றும் நொதிக்கு இரும்பு(II), 2-ஆக்சோகுளுட்டரேட்டு, ஆக்சிசன், அஸ்கார்பிக் அமிலம் ஆகியவை வேண்டும் என்பது 1960களிலேயே அறியப்பட்டது. அஸ்கார்பிக் அமிலம் இன்றி அவ்வினை நலிவதே ஸ்கர்வி நோயில் ஈறும் புண்ணும் சிதைவதற்குக் காரணம். கொலாஜன் ஆய்வும் ஆக்சிசன் உணர்தல் பற்றிய ஆய்வும் முப்பது ஆண்டுகள் தனித்தனிப் பாதையில் சென்றமையால், ஒன்றன் அறிவு மற்றொன்றுக்குப் பயன்படவில்லை.

8. இடப்பெயர்ச்சி விளக்கமும் அதன் குறைகளும்

2001க்குப் பின் கோபால்ட்டின் செயலுக்கு எளிய விளக்கம் ஒன்று பரவியது. நொதியின் இரும்பை விலக்கிக் கோபால்ட்டு அவ்விடத்தில் அமர்கிறது; நொதி செயலிழக்கிறது; எச்.ஐ.எஃப்-1 நிலைக்கிறது என்பது அது. ஹீம் கருதுகோளில் ஹீமுக்கு உரைக்கப்பட்ட இடமாற்றக் கருத்தே இங்கு வேறொரு புரதத்துக்கு உரைக்கப்படுகிறது. ஆயினும் மூன்று ஆய்வுகள் இவ்விளக்கம் போதாது எனக் காட்டுகின்றன.

முதலாவது, 2003இல் யுவான், மில்ஹார்ன் முதலியோரின் ஆய்வு. கோபால்ட்டு எச்.ஐ.எஃப். ஆல்ஃபா கூற்றோடு நேரடியாக இணைந்து, ஹைட்ராக்சில் ஏறிய பின்னும் வி.எச்.எல். அதனை அணுகாமல் தடுக்கிறது என அது கூறியது. இரண்டாவது, 2004இல் சால்னிகோவ் முதலியோரின் ஆய்வு. நிக்கலும் கோபால்ட்டும் உயிரணுவுக்குள் உள்ள அஸ்கார்பிக் அமிலத்தைக் குன்றச்செய்கின்றன. அதனை மீண்டும் சேர்த்தால் எச்.ஐ.எஃப்-1 மிகுதி தணிகிறது. மூன்றாவது, 2005இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஹிர்சிலா, கிவிரிக்கோ, மில்லியுஹார்யு முதலியோரின் ஆய்வு. தூய்மைப்படுத்திய நொதிகள் இரும்பை மிக இறுகப் பற்றியிருந்தன. கோபால்ட்டும் நிக்கலும் அவற்றை வலுவாகத் தடுக்கவில்லை. எனவே உயிரணுவில் காணும் விளைவுக்கு எளிய இடப்பெயர்ச்சி முதன்மைக் காரணமாக இருக்க இயலாது என அவர்கள் முடிவுசெய்தனர்.

இம்மூன்றனுள் இரண்டாவது, 1936ஆம் ஆண்டுப் பதிவை நினைவூட்டுகிறது. அறுபத்தெட்டு ஆண்டுகள் இடைவெளியில் ஒரே இணை, அதாவது கோபால்ட்டும் அஸ்கார்பிக் அமிலமும், மீண்டும் எதிரெதிராக நிற்கின்றன. எனினும் பாரன் இணையரை இன்றைய கருத்தின் முன்னோடிகள் எனக் கூறுவது வரலாற்றுப் பிழையாகும். அவர்கள் விளக்க முயன்றது உயிரணுச் சுவாசத்தை, இந்நொதிகளையன்று. ஒரு பதிவு அதன் விளக்கத்தைவிட நீண்டநாள் வாழக்கூடும் என்பதே இங்குப் பெறத்தக்க கருத்து.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. இன்றும் எண்ணற்ற ஆய்வகங்களில் ஆக்சிசன் குறைந்த பெட்டிக்கு மாற்றாகக் கோபால்ட்டு குளோரைடு பயன்படுத்தப்படுகிறது. உயிரணுக்களை வளர்க்கும் ஊடகங்கள் பலவற்றில் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கப்படுவதில்லை. அவ்வாறாயின் வளர்தட்டில் காணும் கோபால்ட்டின் விளைவு, உடலில் நிகழ்வதைவிட மிகைப்பட்டுத் தோன்றக்கூடும். மேலும், கோபால்ட்டு சேர்த்த உயிரணுவில் ஆக்சிசன் உள்ளது. மைட்டோகாண்டிரியாவுக்கு அது கிடைக்கிறது. உண்மையான ஆக்சிசன் குறைவில் அவ்வாறில்லை. 2005இல் வெங்கெல்லூர் முதலியோர் மரபணு இயக்கத்தை ஒப்பிட்டபோது, ஆக்சிசன் குறைவும் கோபால்ட்டும் நிக்கலும் டெஸ்ஃபெரியாக்சமினும் ஒரே மரபணுத் தொகுதியை மாற்றவில்லை. ஒரு பகுதியே பொதுவாக அமைந்தது. போன்மையைச் சமன்மையாகக் கொள்வதன் இடர் இதனால் விளங்கும்.

9. மீண்டும் பெரு மலைகள்

வியோ குருதியை அளந்த அதே ஆண்டீசு மலைத்தொடரில், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் செர்ரோ தே பாஸ்கோ என்னும் சுரங்க நகர் உள்ளது. அங்கு வாழ்வோருள் சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவின்றி மிகுந்து குருதி தடித்துவிடுகிறது. நாட்பட்ட மலைநோய் எனப்படும் இதனைப் பெரு நாட்டு மருத்துவர் கார்லோசு மோங்கே 1920களில் விவரித்தார். 2002இல் ஜெஃபர்சன் முதலியோர், இந்நகரில் சிவப்பணு மிகுதியுற்றோர் சிலரின் குருதியில் கோபால்ட்டு உயர்ந்திருப்பதைக் கண்டனர். மலையின் ஆக்சிசன் குறைவும் சுரங்கத்தின் உலோகமும் ஒரே உடலில் ஒரே பாதையைத் தூண்டக்கூடும் என்பது இதன் உட்பொருள்.

அந்நகரிலேயே 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு இரும்பின் பங்கை மனிதரிடம் சோதித்தது. கடல்மட்டத்திலிருந்து வந்தோருக்கு இரும்பைச் செலுத்தியபோது, உயரத்தால் மிகுந்த நுரையீரல் தமனி அழுத்தம் தணிந்தது. மலைநோயாளரின் தடித்த குருதியைத் தணிக்கக் குருதி வடித்து, அதன்மூலம் இரும்பு குறைந்தபோது, அவ்வழுத்தம் உயர்ந்தது. குருதி வடித்தல் மலைநோய்க்கு நெடுங்காலமாகச் செய்யப்படும் பண்டுவம். அது ஒரு துன்பத்தைக் குறைத்து மற்றொன்றை மிகுவிக்கக்கூடும் என்பது மருத்துவர் கருதத்தக்கது.

இவ்வறிவு மருந்தாகவும் திரும்பியுள்ளது. கோபால்ட்டைப் போல் உடல் முழுவதும் உலோகத்தை நிரப்பாமல், இந்நொதிகளை மட்டும் தடுக்கும் மாத்திரைகள் சிறுநீரக நோயாளரின் இரத்தசோகைக்கு வந்துள்ளன. ரொக்சாடுஸ்டாட் 2018இல் சீனாவிலும், டெசிடுஸ்டாட் 2022இல் இந்தியாவிலும் ஒப்புதல் பெற்றன. மறுபுறம், குருதியைப் பெருக்கும் குறுக்குவழியாக விளையாட்டு வீரர்கள் கோபால்ட்டை நாடுவதைத் தடுக்க, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2015இல் அதனைத் தடைப்பட்டியலில் பெயர் சுட்டிச் சேர்த்தது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

கோபால்ட்டு சிவப்பணுக்களை மிகுவிக்கிறது என்னும் 1929ஆம் ஆண்டின் பதிவு மாறவில்லை. அதன் விளக்கமோ சுவாசத் தடை, சிறுநீரகத் தூண்டல், ஹீம் இடமாற்றம், ஹைட்ராக்சிலேசுத் தடை என நான்கு நிலைகளைக் கடந்துள்ளது. ஒவ்வொரு விளக்கமும் தன் காலத்தின் முன்னணி ஆய்வுத்துறையிலிருந்து தோன்றியது.

1988ஆம் ஆண்டின் ஹீம் கருதுகோள் தவறாக முடிந்தாலும் பயனற்றதாக முடியவில்லை. உணர்வியின் நடுவில் இரும்பைத் தேடுமாறு அதுவே ஆய்வாளரைத் திருப்பியது. அதனைத் திருத்திய சோதனையும் ஓர் உலோகச் சோதனையே.

இரும்பின் இடத்தைக் கோபால்ட்டு கவர்கிறது என்னும் இன்றைய பாடநூல் விளக்கம், சான்றுகளுள் ஒரு பகுதியை மட்டுமே தழுவுகிறது. அஸ்கார்பிக் அமிலக் குன்றலும், எச்.ஐ.எஃப். புரதத்தோடு நேரடியாக இணைதலும் அதனோடு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டியவை.

பொறியமைவு விளங்குமுன் விளைவை மட்டும் நம்பி மருந்தாக்கியதன் விலையைக் கழலையுற்ற குழந்தைகளும், கோபால்ட்டு மருந்தைப் பெற்ற சிறுநீரக நோயாளரும் தந்தனர். கியூபெக்கின் பீர் அருந்தியோர் மருந்தாக அன்றி நுரைக்காகவே அந்த உலோகத்தை உட்கொண்டு உயிரிழந்தனர். அறிவியல் வரலாற்றை நோபல் பரிசிலிருந்து பின்னோக்கி எழுதும்போது முதலில் விடுபடுவோர் இவர்களே. புதிய ஹைட்ராக்சிலேசுத் தடுப்பிகளும் உடல் முழுவதும் ஆக்சிசன் குறைவெனும் செய்தியைப் பரப்புபவை ஆதலின், அவற்றின் நெடுங்கால விளைவுகளை ஆராய்வோர் கோபால்ட்டின் இந்த மருத்துவ வரலாற்றையும் கருத்திற்கொள்வது இன்றியமையாதது.